பதில் சொல்லாத 22 பேர்: ஏற்காட்டு வகுப்பறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் 26 பிள்ளைகள். நான் அவர்களுக்கு அறிவியல் டீச்சர். பாதிப் பேர் காப்பி எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். மற்றவர்கள் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து நடந்தோ, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டோ வருகிறவர்கள். இரண்டாம் பருவம் தொடங்கி நான்காவது வாரம், ஒருநாள் பாடம் முடிந்ததும் பெயர்ப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று வகுப்பில் வாய் திறந்தவர்கள் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். நான்கு பெயர்களுக்கு நேராகப் புள்ளிகள் குவிந்தன. மீதி 22 பெயர்களுக்கு ஒன்றுமில்லை. மறுநாளும் வைத்தேன், அதற்கு அடுத்த நாளும் வைத்தேன். அதே நான்கு பேர்.

அந்த நான்கு பேர் பதில் சொன்னால் போதும், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அந்த ஒரே குரலை நம்பித்தான் இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிறகு நடந்ததை, தவறிய இடங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் என்று தெரியும்.

முதலில் செய்து பார்த்தவை

குழுவாகப் பிரித்தேன். இது நம் ஊருக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று மனவரைபடம், தொகுத்தல், குழுவில் பேசுதல் எல்லாம் வந்தன. பயிற்சிக்குப் போய்ச் சார்ட் எழுதிய தலைமுறைதான் நானும். அந்த முறைகள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் என் வகுப்பில் நடந்தது வேறு. ஐந்து குழு பிரித்தால் நான்கு குழுவில் அந்த நான்கு பேர் ஸ்கெட்ச் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் சார்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது குழு பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதியது. ஐந்து சார்ட்டையும் சுவரில் ஒட்டினோம், பார்க்க அழகாக இருந்தது. பட்டியலில் புள்ளிகள் மட்டும் இடம் மாறவே இல்லை.

யோசித்தால் காரணம் லேசாகத் தெரிகிறது. ஒரு குழுவுக்கு ஒரு சார்ட், ஒரு பேனா. அந்த வேலையை முடிக்க ஒருவர் போதும். அதில் ஐந்தாறு பேரை உட்கார வைத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்ததாகச் செய்ததை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பேசாத பிள்ளைகளைப் பெயர் சொல்லி எழுப்பினேன். "நீ சொல்லும்மா, பயப்படாதே." அன்பாகத்தான் கேட்டேன். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள், தரையைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அவள் பள்ளிக்கு வரவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் சீசன், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்திருக்கலாம். என்னால் அப்படி நினைத்துச் சமாதானம் அடைய முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்து வகுப்பு சாரைக் கூப்பிட்டு, என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து செல்போனில் நேரம் குறிக்கச் சொன்னேன். நான் கேள்வி கேட்டு முடித்ததிலிருந்து அடுத்து யாராவது பேசும்வரை எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். பீரியட் முடிந்ததும் அவர் சொன்னார், "டீச்சர், நீங்க கேள்வி கேக்கறீங்க, மூச்சு விடறதுக்குள்ள நீங்களே பாதி பதில் சொல்லிடறீங்க. இல்லாட்டி முன் வரிசைப் பையன் சொல்லிடறான்."

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் இதைத்தான் அளந்து எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருப்பது ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள், பிள்ளைகளே கேள்வியும் கேட்கத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அளவு பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். பயிற்சிப் படிப்பில் பரீட்சைக்காக இதைப் படித்திருக்கிறேன். என் வகுப்பைப் பற்றியது என்று அப்போது தோன்றவில்லை.

நோட்டின் நடுவில் ஒரு கோடு

அந்த வாரம் சனிக்கிழமை என் பாடக்குறிப்பு நோட்டை எடுத்தேன். ஆர்வமூட்டல், அறிமுகம், விளக்கம், வலுவூட்டல், மதிப்பீடு, தொடர்பணி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இடப்பக்கம் நான் என்ன செய்கிறேன், வலப்பக்கம் அதே நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், இதை ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து எழுதினேன்.

இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. விளக்குவேன், வரைவேன், கேட்பேன், எடுத்துக்காட்டுச் சொல்வேன். வலப்பக்கம் எழுத வந்தது ஒரே சொல். கவனிப்பார்கள். அடுத்த ஐந்து நிமிடம், கவனிப்பார்கள். அதற்கு அடுத்ததும் அதுவே. 40 நிமிடப் பாடத்தில் அவர்கள் கையாலோ வாயாலோ ஏதாவது செய்வதாக நான் திட்டமிட்டிருந்தது மொத்தம் எட்டு நிமிடம்கூட வராது. அந்த எட்டு நிமிடத்தையும் நான்கு பேர் எடுத்துக்கொண்டால் அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு அந்தப் பாடத்தில் நான் இடமே ஒதுக்கவில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே பெரிய பாடம் இது. கூச்சம், மலைப்பிள்ளை, வீட்டில் படித்தவர் இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறோமே, அதையெல்லாம் சொல்லும் முன் நம் பாடக்குறிப்பில் அந்தப் பிள்ளை எந்த நிமிடத்தில் என்ன செய்யப்போகிறது என்று எழுதியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். எழுதாத வேலையை வகுப்பில் அவர்களிடம் எதிர்பார்த்துப் பயனில்லை.

அடுத்து நடத்த வேண்டியது வெப்பமும் வெப்பநிலையும். இந்தமுறை வலப்பக்கத்தை முதலில் எழுதினேன். எனக்கு நானே மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். எந்தக் கேள்விக்கும் முதலில் எல்லாரும் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும், எழுதும்வரை யாரும் பேசக்கூடாது, நானும்தான். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். கடைசியில் வகுப்புக்குச் சொல்லும்போது தன் பதிலைச் சொல்லக்கூடாது, பக்கத்துப் பிள்ளை சொன்னதைச் சொல்ல வேண்டும்.

யோசி, இருவராகப் பேசு, பிறகு எல்லாரோடும் பகிர் என்ற வரிசை 1981இல் ஃபிராங்க் லைமன் வகுத்தது, உலகம் முழுக்க வகுப்பறைகளில் புழங்குகிறது. பக்கத்துப் பிள்ளையின் பதிலைச் சொல்வது என் பிள்ளைகளுக்காக நான் சேர்த்தது. தன் பதில் தப்பாகிவிட்டால் எல்லாரும் சிரிப்பார்களே என்ற பயம்தான் அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அடுத்தவர் பதிலைச் சொல்வதில் அந்தப் பயம் இல்லை. அதோடு, அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

நவம்பர் மாத மழை. 26 பேரில் 24 பேர் வந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் குழுப்பேச்சு எதுவும் காதில் விழாது. இருவர் இருவராகப் பேச வைப்பதில் எனக்கு இன்னொரு லாபம் அதுதான். 12 ஜோடி.

தாழ்வாரத்தில் அடுப்பு, அதன்மேல் அலுமினியப் பாத்திரம், பாதி அளவு தண்ணீர். மேலே ஒரு நீள ஸ்கேல், அதிலிருந்து நூலில் தொங்கும் தெர்மாமீட்டர். குமிழ் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், அடியில் முட்டக்கூடாது. ஆவி கையில் படாமல் இருக்க நான் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு ஜோடியாக வந்து, கண்ணுக்கு நேராக அளவைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் சீட்டில் எழுதி மடித்துத் தர வேண்டும். காத்திருக்கும் ஜோடிகளுக்கும் வலப்பக்கத்தில் வேலை எழுதியிருந்தேன். 'அடுப்பைக் கூட்டினால் கொதிக்கிற தண்ணீர் இன்னும் சூடேறுமா?' ஆம், இல்லை, ஏன்.

சீட்டுகளைப் பிரித்து, பெயர் சொல்லாமல் எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். 95 என்று ஏழு ஜோடி. 94 என்று ஒன்று. 97 என்று ஒன்று. 100 என்று மூன்று.

அந்த மூன்று சீட்டின் கையெழுத்தும் எனக்குத் தெரியும். என் நான்கு பேரும் அந்த மூன்று ஜோடிக்குள்தான் இருந்தார்கள். தெர்மாமீட்டரில் 95ஐப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் உள்ள 100ஐ எழுதியிருந்தார்கள். இத்தனை நாள் நான் 'புரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்ட பதில்கள் இந்தப் பிள்ளைகளுடையவை. கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதியவர்கள், பட்டியலில் புள்ளியே இல்லாத பிள்ளைகள்.

"இவ்வளவுதான் வந்திருக்கு. எது சரி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஏழு வரை எண்ணியிருப்பேன். அந்த ஏழு விநாடி எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது.

பின்னால் இருந்து ஒரு குரல். "100ல யாருமே பாத்திருக்க முடியாதுங்க டீச்சர். கோடு 95 கிட்டயேதான் நின்னுச்சு."

"புக்குல 100ன்னு போட்டிருக்குதே!"

"அப்ப தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு."

97 எழுதிய பையன் எழுந்து, தன் முறை வந்தபோது நூல் தளர்ந்து குமிழ் அடியில் முட்டிக்கொண்டிருந்தது என்றான். அதை அவனாகச் சொன்னான், யாரும் கேட்கவில்லை.

பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன். தெர்மாமீட்டர் கெட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு நிமிடம் இருவராகப் பேசினார்கள். இன்னொரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கலாம் என்றது ஒரு ஜோடி. அக்குளில் வைத்துப் பார்க்கலாம் என்றது ஒன்று. மூன்றாவது ஜோடியிடமிருந்து வந்தது நான் எதிர்பார்த்திருந்த பதில். "இவ சொல்றா டீச்சர், ஐஸ்ல வெச்சா 0 காட்டணுமாம். காட்டுச்சுன்னா கெடலைன்னு அர்த்தமாம்."

காலையில் பஜாரில் ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸ் மேசைக்கு அடியில் ஃபிளாஸ்க்கில் தயாராக இருந்தது. யாரும் கேட்காமல் போயிருந்தால் அதை வெளியே எடுக்காமல் வீட்டுக்கே கொண்டுபோவது என்று தீர்மானம் செய்திருந்தேன். எடுத்து வைத்தபோது வகுப்பில் எழுந்த சத்தத்தை இந்தப் பள்ளியில் நான் அதுவரை கேட்டதில்லை. பள்ளியில் இருந்த மூன்று தெர்மாமீட்டரையும் உருகும் ஐஸில் வைத்துப் பார்த்தோம். மூன்றும் 0 காட்டின.

தொடர்பணி ஒரே வரி. 'மேலே சமைப்பதற்கும் கீழே சமைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டில் கேட்டு வா.'

கீழே 99, மேலே 95

அழுதுவிட்டு இரண்டு நாள் வராமல் இருந்த பெண் மறுநாள் தன் பக்கத்துத் தோழியின் வாயால் பேசினாள். தோழி சொன்னாள், "இவங்க அம்மாயி கீழ அயோத்தியாப்பட்டணத்துல இருக்குதுங்க. அங்க துவரம்பருப்பு சட்டியிலயே வெந்துருமாங்க. இங்க வந்தா குக்கர் இல்லாம மசியாதுன்னு சொல்லுமாம்." அதற்குள் அந்தப் பெண்ணே குறுக்கிட்டாள். "சொல்லுமாம் இல்ல, நானே பாத்திருக்கறேன்." ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் அவள் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

பிறகு வரிசையாக வந்தன. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்து சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காது அடைத்துக்கொள்கிறது. பருப்பு, பாக்கெட், காது மூன்றையும் பலகையில் எழுதினேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பங்கேற்க வேண்டும் என்றால் ஆசிரியர் எதையுமே சொல்லித்தரக் கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றழுத்தத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டால் அந்த வருடமே முடிந்துவிடும். எனவே நேராகச் சொல்லிக்கொடுத்தேன், பத்து நிமிடம். நமக்கு மேலே உள்ள காற்றுக்கு எடை உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தலைக்கு மேலே காற்று குறைவு, அது தண்ணீரை அழுத்துவதும் குறைவு. அதனால் 100 டிகிரிக்கு முன்பே தண்ணீர் ஆவியாகக் கொப்பளித்து எழுந்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 95 டிகிரித் தண்ணீரில் பருப்பு மெதுவாகத்தான் வேகும். குக்கர் ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் கொதிநிலை 120 டிகிரியை நெருங்குகிறது. பத்து நிமிடமும் எல்லாரும் கவனித்தார்கள். வலப்பக்கத்தில் இப்போதும் 'கவனிப்பார்கள்' என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் இந்தமுறை அவர்கள் விடை வேண்டிக் கேட்டார்கள்.

சேலத்தில் ஒரு பள்ளியில் என் தோழி அறிவியல் டீச்சர். அவள் வகுப்பிலும் அன்று தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"உங்களுக்கு எவ்வளவுங்க?" என்று எங்கள் பக்கம் கேட்டார்கள்.

"99."

"எங்களுக்கு 95."

அந்தப் பக்கம் சிரிப்பு. "உங்க தெர்மாமீட்டர் ரிப்பேரு!"

அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸில் வைத்துப் பார்த்துவிட்டோம் என்றது ஒரு குரல். நீங்கள் பார்த்தீர்களா என்றது இன்னொன்று. சேலம் 280 மீட்டர் உயரம்கூட இல்லை, நாங்கள் 1,500 என்றது வேறொன்று. அப்படியானால் 4 டிகிரி வித்தியாசம் வரத்தான் செய்யும் என்று கடைசி வரிசையில் ஒரு பையன் கணக்குச் சொன்னான். போனைச் சுற்றி நின்ற தலைகளுக்குள் என் நான்கு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மாறியதும் மாறாததும்

இரண்டு பீரியடில் முடிக்க வேண்டியதற்கு நான்கு பீரியட் ஆனது. ஃபாரன்ஹீட், கெல்வின் மாற்றங்களை அவசரமாக நடத்தினேன். பருவத் தேர்வில் அந்தக் கணக்குகளில் சிலர் தடுமாறியதற்கு நான்தான் பொறுப்பு. வாரத்தில் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த நேரம் கிடைக்காது. இப்போது வாரத்துக்கு ஒரு பாடத்தை முழுதாக இந்த முறையில் திட்டமிடுகிறேன். மற்றவற்றில் சீட்டில் எழுதுவதையும், கேள்விக்குப்பின் பொறுத்திருப்பதையும் மட்டும் விடுவதில்லை. அந்த இரண்டுக்கும் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. தண்ணீரின் கொதிநிலை என்ன என்ற கேள்விக்கு 'கடல் மட்டத்தில் 100, எங்கள் ஊரில் 95' என்று எழுதியவர்கள் உண்டு. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி புள்ளி வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு வாரத்தில் 17 பெயர்களுக்கு நேராகக் குறைந்தது ஒரு புள்ளியாவது இருந்தது. பழம் பறிக்கும் சீசனில் நாள்தோறும் இரண்டு மூன்று பேர் வராமல் போனதால் ஜோடிகள் கலைந்துகொண்டே இருந்தன. ஜோடியைப் பெஞ்சு வரிசையில் நிரந்தரமாக வைக்காமல், வந்தவர்களை வைத்து அன்றன்றைக்குப் பிரிப்பதுதான் இங்கே சரிவருகிறது.

நான்கு பேரில் ஒருவன் வாடிப்போனான். கை தூக்கியும் டீச்சர் கூப்பிடவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறான், அவன் அம்மா வந்து கேட்டார். அந்தப் பிள்ளையின் ஆர்வத்தை நான் தண்டனை ஆக்கிவிட்டேன் என்று புரிந்தது. இப்போது வாரம் ஒருமுறை அவனும் மற்ற மூவரும் அடுத்த பாடத்துக்கான கேள்விகளை எழுதித் தருகிறார்கள். புத்தகத்தில் விடை இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் வாரம் திணறினான். இப்போது என்னைவிட நல்ல கேள்வி எழுதுகிறான்.

இன்னொரு பையனுக்குப் பட்டியலில் இன்றுவரை ஒரு புள்ளிகூட இல்லை. திக்குவாய். அவனைப் பேச வைக்க நான் முயலவில்லை. ஆனால் அவன் சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், வகுப்பிலேயே அதிகம் எழுதுவது அவன்தான். வாயில் வருவதை மட்டும் பங்கேற்பு என்று எண்ணி நான் புள்ளி வைத்தது குறையுள்ள அளவு என்று அவன் சீட்டுகள் காட்டின. பட்டியலில் இப்போது இரண்டு குறி வைக்கிறேன், பேச்சுக்குப் புள்ளி, எழுத்துக்கு ஒரு சிறு கோடு.

கொதிநிலைப் பாடம் முடிந்த அன்று அவன் தந்த சீட்டில் இப்படி இருந்தது: 'சேர்வராயன் கோயில்ல கொதிக்க வெச்சா இன்னும் குறையுமா?'

கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்குச் சற்று மேல். எங்கள் பள்ளியைவிட 100 மீட்டர்தான் கூடுதல், அரை டிகிரிகூட இறங்காது. எங்கள் தெர்மாமீட்டரில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடு. அந்தச் சீட்டை வகுப்பில் வாசித்துவிட்டுப் பேசாமல் நின்றேன். குறையும் என்றார்கள் சிலர். குறைந்தாலும் இந்தத் தெர்மாமீட்டரில் தெரியாது என்றார்கள் வேறு சிலர். அப்படியானால் தெரிகிற மாதிரி எப்படி அளப்பது என்று இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். சீட்டை அடுத்த பாடக்குறிப்பின் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இடப்பக்கம் இன்னும் எழுதவில்லை.